தொலைநோக்கி ஆடியைச் சோதித்துத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கண்ணாடியைக் குழித்து, மெருகேற்றி, இனி வடிவத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழிப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வீணாகும் ஆடிகளில் பெரும்பாலானவை கண்ணாடி சரியில்லாமலோ தேய்த்த கை சரியில்லாமலோ வீணாவதில்லை. நம்பக் கூடாத அளவை நம்பித் தேய்த்ததால் வீணாகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளவெடுப்பதைப் பற்றித்தான் இருக்கும்.

கணக்கு புரிவதற்காக ஒரே ஆடியைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 200 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ., அதாவது எஃப்/6 (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்). இதன் வளைவு ஆரம் குவியத் தூரத்தின் இருமடங்கு, 2400 மி.மீ. உங்கள் ஆடி வேறு அளவாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எவ்வளவு நுணுக்கம் தேவை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மெருகேற்றி முடித்த ஆடி ஏறத்தாழ கோள வடிவில் இருக்கும். நமக்கு வேண்டியது பரவளையம். நம் 200 மி.மீ. ஆடியில் கோளத்தையும் பரவளையத்தையும் நடுவிலும் விளிம்பிலும் ஒட்டவைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வித்தியாசம் 0.23 மைக்ரான். ஒரு மி.மீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் எடுக்கப்போகும் கண்ணாடி மொத்தமும் அவ்வளவுதான்.

ஆடி ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மேற்பரப்பில் உள்ள பிழை ஒளி அலையில் இரட்டிப்பாகிவிடும். அலையில் கால் அலைநீளத்துக்குள் பிழை இருக்க வேண்டும் என்பது இயற்பியலாளர் ரேலி வகுத்த எல்லை. பச்சை ஒளிக்கு (550 நானோமீட்டர்) கணக்கிட்டால் மேற்பரப்பில் 70 நானோமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 150 மி.மீ. எஃப்/8 ஆடி கோளமாகவே இருந்தாலும் அதன் பிழை இந்தக் கால் அலைநீள எல்லையை ஒட்டித்தான் வரும். முதல் ஆடி செய்பவர் அந்த அளவைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி குறையும். எஃப்/5-க்குக் கீழே முதல் முயற்சியிலேயே இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

சோதனைக்கு: ஒரு எல்.இ.டி. விளக்கு (பச்சை நல்லது), இரண்டு புதிய சவர பிளேடு, முன்பின்னும் பக்கவாட்டிலும் நகரும் ஒரு மேடை, முன்பின் நகர்வை 0.02 மி.மீ. வரை படிக்க உதவும் மைக்ரோமீட்டர் அல்லது டயல் அளவி, ஆடியை நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி, மாஸ்க் வெட்டக் கெட்டி அட்டை.

திருத்துவதற்கு: பிட்ச் தட்டு (கீல் போன்ற பிட்ச் பூசிய தேய்ப்புத் தட்டு), மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்சைடு, சுத்தமான நீர், ஒரு நோட்டுப் புத்தகம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தேய்ப்பு, எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன அளவு, பின் என்ன அளவு என்று எழுதாவிட்டால் மூன்றாவது சுற்றிலேயே எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

பிட்ச் உருக்கும்போது மெதுவான சூடு போதும். அதன் ஆவி தீப்பிடிக்கும். சீரியம் தூளை உலர்ந்த நிலையில் ஊதிப் பறக்கவிடாதீர்கள், நீரில் கரைத்தே கையாளுங்கள்.

3. மெருகு முழுமையாக முடிந்ததா?

வடிவம் திருத்தும் வேலையைத் தொடங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். மெருகு முடியாத ஆடியைப் பரவளையமாக்கிவிட்டு, பிறகு விளிம்பில் குழித்தபோது விழுந்த நுண்ணிய குழிகள் இருப்பதைக் கண்டு மறுபடி மெருகேற்றினால், செய்த வடிவம் முழுவதும் போய்விடும்.

விளிம்புதான் கடைசியில் மெருகேறும். இருட்டு அறையில் லேசர் ஒளியை முதலில் நடுவிலும் பிறகு விளிம்பிலும் படவைத்துப் பாருங்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் ஒளி படும் புள்ளி இரண்டு இடத்திலும் ஒரே அளவு மங்கலாக இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் சாம்பல் நிறப் பளிச்சிடல் தெரிந்தால் இன்னும் குழி இருக்கிறது. லேசரின் எதிரொளி கண்ணில் படாத கோணத்தில் நின்று பாருங்கள். பிறகு உருப்பெருக்கி வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

விளிம்பின் கூர்முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். மெருகேற்றியதில் அந்தச் சாய்வு குறைந்திருக்கும். கூர்மையாக விட்டால் சில்லு பெயர்ந்து, அந்தச் சில்லு பிட்ச் தட்டுக்குள் போய் ஆடி முழுவதும் கீறும்.

4. சோதிக்கும் இடம்

நம் ஆடிக்கும் கருவிக்கும் நடுவே 2.4 மீட்டர் தூரம் இருக்க வேண்டும். அந்த வழி முழுவதும் காற்று அசையாமல் இருக்க வேண்டும். மின்விசிறி, குளிர்சாதனம், திறந்த சன்னல் எதுவும் கூடாது. தரையும் அதிரக் கூடாது. சுவரோரமாக அமைத்தால் நடமாட்டத்தின் அதிர்வு குறையும்.

ஆடியை அதன் கீழ் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும் தாங்கி, மேலே சாய்ந்துவிடாமல் லேசான தடுப்பு வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி வளையும். வளைந்ததை நீங்கள் தேய்ப்பின் குறை என்று நினைத்துத் திருத்தப் போவீர்கள்.

வெப்பம்தான் இங்கே பெரிய ஏமாற்றுக்காரன். தேய்க்கும்போது கையின் சூடும் உராய்வின் சூடும் கண்ணாடிக்குள் ஏறும். உடனே எடுத்துச் சோதித்தால் தெரிவது ஆடியின் உண்மையான வடிவம் இல்லை. போரோசிலிகேட் கண்ணாடிக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். சாதாரணத் தட்டைக் கண்ணாடி சூட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக விரியும். அதற்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது.

நம்பாதவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த படியில் வரும் கருவியை அமைத்து முடித்ததும், ஆடியின் மேல் கட்டைவிரலை ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டுக் கத்தி வழியாகப் பாருங்கள். விரல் பட்ட இடம் ஒரு குன்றாக எழுந்து நிற்கும். அது மெதுவாக அடங்குவதையும் பார்க்கலாம். இதை ஒருமுறை பார்த்தவர் அதன்பின் அவசரப்பட மாட்டார்.

5. கருவி: விளக்கு, பிளவு, கத்தி

லியோன் ஃபூக்கோ வகுத்த சோதனை இது. வளைவு மையத்தில் சிறிய ஒளி மூலத்தை வைத்தால், ஆடி அந்த ஒளியைத் திருப்பி ஏறத்தாழ அதே இடத்தில் குவிக்கும். குவியும் இடத்தைக் கத்தி விளிம்பால் வெட்டியபடி ஆடியைப் பார்த்தால், மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும்.

விளக்கின் முன் ஒளியைப் பரப்பும் மங்கலான தாள் ஒன்று, அதற்கு முன் இரண்டு பிளேடுகளுக்கு இடையே மிகக் குறுகிய செங்குத்துப் பிளவு. பிளவும் கத்தி விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தே ஆக வேண்டும். சற்றுத் திரும்பியிருந்தாலும் நிழல் தெளிவில்லாமல் மங்கிப்போகும். புதியவர்கள் "என் ஆடியில் நிழலே தெரியவில்லை" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. ஒரே நீளமான பிளேடின் ஒரு பகுதி விளக்கை மறைக்கட்டும், அடுத்த பகுதியே கத்தியாகட்டும். பிளவே தேவையில்லை; இணைக்கும் வேலையும் இல்லை. முதல் கருவியை இப்படிச் செய்யவே சொல்வேன்.

விளக்கும் கத்தியும் ஒரே மேடையில் சேர்ந்து நகர்கின்றனவா, அல்லது விளக்கு நிலையாக நிற்க, கத்தி மட்டும் நகர்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் இது இரண்டு மடங்கு வித்தியாசம். சேர்ந்து நகரும் அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கத்தி மட்டும் நகர்ந்தால், கீழே வரும் எல்லா மி.மீ. எண்களையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை மறந்தவர்கள் பாதி திருத்திய ஆடியை முழுதாகத் திருத்தியதாக நினைத்து நிறுத்துவார்கள், அல்லது நேர்மாறாக இரண்டு மடங்கு திருத்திவிடுவார்கள்.

6. திரும்பி வரும் ஒளியைப் பிடித்தல்

கருவியை ஆடியிலிருந்து 2.4 மீட்டரில் வையுங்கள். அறையை இருட்டாக்குங்கள். முதலில் பிளவை எடுத்துவிட்டு முழு விளக்கையும் எரியவிடுங்கள். கருவியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் திரும்பி வரும் ஒளித் திட்டைத் தேடுங்கள். கிடைத்ததும் ஆடியின் சாய்வைச் சரிசெய்து அதைக் கத்தி அருகே கொண்டுவாருங்கள். தாளில் விளக்கின் உரு கூர்மையாகும் தூரத்துக்கு மேடையை நகர்த்துங்கள்.

இப்போது பிளவை மாட்டி, கத்திக்குப் பின்னால் கண்ணை வையுங்கள். ஆடி முழுவதும் நிலவைப் போல ஒளிர வேண்டும். ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால் கண் சரியான இடத்தில் இல்லை. மெருகேற்றிய வெறும் கண்ணாடி 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்தச் சோதனைக்கு அது தாராளம். வெள்ளிப்பூச்சு எதுவும் தேவையில்லை.

7. நிழலைப் படித்தல்

கத்தியை இடமிருந்து மெதுவாக ஒளிக்குள் நகர்த்துங்கள். ஆடியின் மேல் நிழலும் இடமிருந்தே வந்தால், கத்தி குவியும் இடத்துக்கு உள்ளே, அதாவது ஆடிக்குப் பக்கமாக நிற்கிறது. நிழல் எதிர்ப்பக்கமிருந்து வந்தால் கத்தி வெளியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாக மங்கும் இடம் கிடைத்தால், உங்கள் ஆடி கோளம்.

கோளமாக இல்லாவிட்டால் மேடுபள்ளம் தெரியும். அதைப் படிக்க ஒரே ஒரு விதி போதும்: கத்தி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து வெளிச்சம் சாய்வாக விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி இடமிருந்து வந்தால் வெளிச்சம் வலமிருந்து. அந்த வெளிச்சத்தில் எது மேடாகத் தெரிகிறதோ அது மேடு, எது பள்ளமாகத் தெரிகிறதோ அது பள்ளம். வெளிச்சத்தைத் தவறான பக்கம் நினைத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகும்; நடுவில் உள்ள குழியைக் குன்று என்று எண்ணி இன்னும் தோண்டுவீர்கள். சந்தேகம் வந்தால் கட்டைவிரல் சோதனையை மறுபடி செய்யுங்கள். சூட்டால் எழுந்தது நிச்சயம் மேடு. மற்ற நிழல்களை அதோடு ஒப்பிடுங்கள்.

8. முதலில் நல்ல கோளம்

நேராகப் பரவளையத்துக்குப் போக எல்லோருக்கும் ஆசை வரும். அதை அடக்குங்கள். கோளத்தில் மட்டும்தான் கண்ணால் பார்த்தே எந்தக் குறையையும் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் அதில் எந்த நிழலும் இருக்கக் கூடாது. பரவளையத்தில் நிழல் இயல்பாகவே இருக்கும். குறையின் நிழல் எது, இயல்பின் நிழல் எது என்று பிரிப்பது கடினம்.

கோளத்துக்குக் கொண்டுவரும் தேய்ப்பு எளிது. ஆடி மேலே, பிட்ச் தட்டு கீழே. நடு நடுவின் மேல் செல்லும்படி, விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் முன்பின்னாகத் தேய்க்க வேண்டும். சில தேய்ப்புக்கு ஒருமுறை ஆடியைச் சற்றுச் சுழற்றி, நீங்களும் மேசையைச் சுற்றி நகர வேண்டும். சுழற்சி ஒழுங்காக இல்லாவிட்டால் ஆடி ஒரு திசையில் ஒரு வளைவும் மறு திசையில் வேறு வளைவுமாகிவிடும்.

இங்கே தட்டின் நிலைதான் எல்லாம். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் சீரியம் கரைசல் தடவி ஆடியைத் தட்டின் மேல் வைத்து, மிதமான எடை ஏற்றிச் சற்று நேரம் அழுத்தவிடுங்கள். பிட்ச் ஆடியின் வளைவுக்கு முழுமையாகப் பொருந்திய பிறகே தேய்க்க வேண்டும். பொருந்தாத தட்டு ஆடியில் வளையங்களைப் பதிக்கும். தட்டில் வெட்டிய கால்வாய்கள் அடைபட்டிருந்தால் மறுபடி திறந்துவிடுங்கள். கால்வாய்க் கட்டங்களின் நடுப்புள்ளி தட்டின் நடுப்புள்ளியோடு ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போனால் அந்த அமைப்பே வளையமாக ஆடியில் ஏறும்.

வேலையை இடையில் நிறுத்தும்போது ஆடியைத் தட்டின் மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீர் உலர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

9. விளிம்பு: இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்

விளிம்பின் கடைசிச் சில மி.மீ. மட்டும் கீழே சரிந்திருப்பதுதான் புதியவர்களின் ஆடிகளில் நான் மிகுதியாகப் பார்க்கும் குறை. அங்கிருந்து வரும் ஒளி குவியாமல் சிதறி, கோளின் உருவைச் சுற்றி மங்கல் பூசும்.

கண்டுபிடிக்கும் வழி: கத்தியால் ஒளியை ஏறத்தாழ முழுதாக வெட்டுங்கள். நல்ல விளிம்பாக இருந்தால் ஆடியின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் நூல் போன்ற ஒளிக்கோடு சமமாக நிற்கும். சரிந்த விளிம்பாக இருந்தால் கத்தி வரும் பக்கத்து நூல் மறைந்து, எதிர்ப்பக்கத்து நூல் மட்டும் தடித்துத் தெரியும்.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: தேய்ப்பு நீளமாக இருந்தது, கைகள் ஆடியின் ஓரத்தில் அழுத்தின, பிட்ச் மிகவும் இளகலாக இருந்தது, தட்டு பொருந்தாமலே தேய்த்தது. மருந்தும் அதற்கேற்பதான். சற்றுக் கடினமான பிட்ச், நன்றாக அழுத்திய தட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத தேய்ப்பு, கைகள் ஆடியின் நடுப்பக்கம். விளிம்புக்கு மட்டும் சிறப்பாகச் செய்ய ஒன்றுமில்லை. மீதி மேற்பரப்பு முழுவதும் விளிம்பின் மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும். மணிக்கணக்கில் ஆகும்.

சரிவு ஒன்று அல்லது இரண்டு மி.மீ. அகலம் மட்டும் என்றால் நான் அதனோடு மல்லுக்கட்ட மாட்டேன். முடித்த பிறகு அந்த ஓரத்தை ஒரு கறுப்பு வளையத்தால் மறைத்துவிடலாம். 200 மி.மீ. ஆடி 197 ஆவதை வானத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

10. மாஸ்க் வெட்டுதல்

பரவளையத்தில் நடுப்பகுதியின் வளைவு மையம் ஆடிக்கு அருகிலும், விளிம்புப் பகுதியின் வளைவு மையம் சற்றுத் தள்ளியும் இருக்கும். எவ்வளவு தள்ளி என்பதே நாம் அளக்கப்போவது. அதற்காக ஆடியை வளைய மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு சாளரங்கள் உள்ள அட்டை மாஸ்க்கை ஆடியின் முன் வைக்கிறோம்.

மண்டலங்களைச் சம பரப்பளவாகப் பிரிப்பது என் விருப்பம். நான்கு மண்டலம் என்றால் எல்லைகள் நடுவிலிருந்து 50, 70.7, 86.6, 100 மி.மீ. ஒவ்வொன்றின் பயன் ஆரம் 35.4, 61.2, 79.1, 93.5 மி.மீ. (உள், வெளி ஆரங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்.)

விளக்கும் கத்தியும் சேர்ந்து நகரும்போது, ஒரு மண்டலத்தின் இடப்பெயர்வு அதன் பயன் ஆரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். நம் ஆடிக்கு 0.26, 0.78, 1.30, 1.82 மி.மீ. முதல் மண்டலத்தைச் சுழியாக வைத்தால் 0, 0.52, 1.04, 1.56.

சம பரப்பளவாகப் பிரித்ததன் பயன் இங்கே தெரியும்: ஒவ்வொரு படியும் 0.52 என்று சமமாக வரும். அளவெடுக்கும்போது படிகள் சமமாக இல்லையென்றால் எந்த இடத்தில் குறை என்று கணக்குப் போடாமலே தெரிந்துவிடும்.

11. அளவெடுத்தல்

மாஸ்க்கை வைத்து, ஒரு மண்டலத்தின் இரண்டு சாளரங்களை மட்டும் பாருங்கள். கத்தியைப் பக்கவாட்டில் உள்ளே நகர்த்தும்போது எந்தச் சாளரம் முதலில் இருளுகிறது? கத்தி வரும் பக்கத்துச் சாளரம் முதலில் இருண்டால் மேடையை ஆடியிலிருந்து பின்னுக்கு நகர்த்துங்கள். எதிர்ப்பக்கம் முதலில் இருண்டால் முன்னுக்கு. இரண்டும் ஒன்றாக, ஒரே சாயலில் மங்கும் இடத்தில் மைக்ரோமீட்டரைப் படியுங்கள்.

மைக்ரோமீட்டரை எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள். திருகில் எப்போதும் கொஞ்சம் வெற்று அசைவு இருக்கும்; இரண்டு திசையிலும் மாறி மாறிப் படித்தால் அது அளவில் கலக்கும்.

எல்லா மண்டலங்களையும் வரிசையாகப் படித்து முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரே மண்டலத்தை ஐந்து முறை அடுத்தடுத்துப் படிப்பதில் பயனில்லை; முதல் எண் மனதில் நின்று அடுத்த எண்களைத் தன்பக்கம் இழுக்கும். முடிந்தால் எண்ணை வேறொருவர் படித்து எழுதட்டும். ஐந்தாறு சுற்றுகளின் சராசரியை எடுங்கள். ஒரே மண்டலத்தின் அளவுகள் 0.1 மி.மீட்டருக்கு மேல் ஒன்றுக்கொன்று விலகினால் அந்த அளவுகளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். காற்று, அதிர்வு, வெப்பம் மூன்றில் ஒன்று இன்னும் அடங்கவில்லை.

பிறகு ஆடியைத் தாங்கியிலேயே 90 பாகை சுழற்றி மறுபடி அளவெடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நல்லது. வராவிட்டால் ஆடியின் வளைவு திசைக்குத் திசை மாறுகிறது, அல்லது தாங்கி ஆடியை நெரிக்கிறது. தாங்கியைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். நடு மண்டலத்தின் அளவு மற்றவற்றைவிடத் தடுமாறும். அங்கே சாய்வு குறைவு என்பதால் அது இயல்புதான், அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

12. அளவிலிருந்து முடிவு

கோளத்திலிருந்து சில சுற்றுத் தேய்த்த பிறகு அளவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 0, 0.40, 0.80, 1.05. வேண்டியது 0, 0.52, 1.04, 1.56. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு திருத்தம்தான் ஆகியிருக்கிறது. முதல் இரண்டு படிகள் சமம், கடைசிப் படி மட்டும் 0.25. அதாவது உட்பகுதி ஒழுங்காக வளர்கிறது, விளிம்புப் பகுதி பின்தங்குகிறது.

எங்கே நிறுத்தலாம் என்பதற்கு ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு அனுமதி எல்லை உண்டு. ஒரு மண்டலத்திலிருந்து வரும் கதிர் விண்மீனின் ஒளிவட்டு (குவியத்தில் விண்மீன் தோன்றும் சிறு வட்டு) ஆரத்துக்குள் விழுந்தால் போதும் என்பது இதன் அடிப்படை. எஃப்/6-க்கு அந்த ஆரம் 4 மைக்ரான். அதை வளைவு ஆரத்தால் பெருக்கி, மண்டலத்தின் பயன் ஆரத்தால் வகுத்தால் நம் ஆடிக்கு முறையே ±0.27, ±0.16, ±0.12, ±0.10 மி.மீ. வெளி மண்டலங்களுக்குத்தான் கண்டிப்பு அதிகம். ஒரே அளவு பிழை அங்கேதான் கதிரை அதிகம் விலக்கும்.

ஒப்பிடும்போது எல்லா அளவுகளோடும் ஒரே எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். அது கண்வில்லையைக் குவியப்படுத்துவதற்குச் சமம், பிழையாகாது. மேலே உள்ள அளவின் விலகல்கள் 0, -0.12, -0.24, -0.51. எந்த எண்ணைக் கூட்டினாலும் நான்கும் ஒன்றாக எல்லைக்குள் வராது. இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்த சுற்றுகளுக்குப் பின் 0, 0.50, 0.98, 1.42 என்று வந்தால்? விலகல்கள் 0, -0.02, -0.06, -0.14. எல்லாவற்றோடும் 0.05 கூட்டினால் 0.05, 0.03, -0.01, -0.09. நான்கும் எல்லைக்குள். இங்கே நிறுத்துங்கள். கடைசி எண்ணையும் 1.56 ஆக்க வேண்டும் என்று இன்னொரு சுற்றுப் போனவர்களில் பலர் விளிம்பைச் சரித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

13. பரவளையமாக்கும் தேய்ப்பு

ஆடி மேலே, தட்டு கீழே. முன்பின் தேய்ப்போடு பக்கவாட்டு நகர்வும் சேர்ந்து, ஆடியின் நடுப்புள்ளி தட்டின் மேல் நெளிநெளியாகக் கோடு போட வேண்டும். பக்கவாட்டில் ஆடி தட்டைத் தாண்டி விட்டத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வெளியே போகும். அப்போது ஆடியின் நடு, தட்டின் ஓரத்தின் மேல் ஏறி அழுத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்ளும், நடு ஆழமாகும். தாண்டும் அளவை ஒவ்வொரு நெளிவிலும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே அளவில் நிறுத்தினால் அந்த ஆரத்தில் ஒரு பள்ள வளையம் விழும்.

ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் சுற்றிலேயே உங்கள் பிட்ச், உங்கள் கை, உங்கள் சீரியம் என்ன வேகத்தில் வெட்டுகின்றன என்று தெரிந்துவிடும். அடுத்த சுற்றுகளின் நேரத்தை அதை வைத்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஆறவைத்து அளவெடுக்க வேண்டும். தேய்ப்பது ஐந்து நிமிடம், காத்திருப்பது சில மணி நேரம் என்பது சலிப்புத்தான். அதற்கு மாற்று கிடையாது.

இலக்கை எப்போதும் குறைவான பக்கமிருந்து நெருங்குங்கள். திருத்தம் அளவுக்கு மீறிப்போனால் எட்டாம் படியின் குட்டைத் தேய்ப்பால் கோளத்தை நோக்கித் திரும்பலாம், ஆனால் அதற்குள் விளிம்பு கெடும் வாய்ப்பு உண்டு. 12-ஆம் படியின் முதல் எடுத்துக்காட்டில் விளிம்பு பின்தங்கியதுபோல வந்தால் தாண்டும் அளவைச் சற்றுக் குறையுங்கள். வேலை நடுவிலிருந்து வெளியே பரவும். நடுவில் மட்டும் கூர்மையான குழி தெரிந்தால் அளவுக்கு அதிகமாகத் தாண்டியிருக்கிறீர்கள்.

தட்டை மேலே வைத்துத் தேய்த்தால் விளைவு தலைகீழ்: ஆடியின் வெளிப்பகுதி அதிகம் தேயும். கை பழகாமல் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

14. ரோன்கி கோடுகளால் ஒரு குறுக்குச் சோதனை

கத்தி இருந்த இடத்தில் மி.மீட்டருக்கு 4 கோடுகள் உள்ள ஒரு கிராதியை (நெருக்கமான இணைகோடுகள் கொண்ட ஒளிபுகும் தகடு) வைத்துப் பாருங்கள். குவியும் இடத்துக்கு உள்ளே, ஆடிக்குப் பக்கமாக வைத்தால், கோளத்தில் கோடுகள் நேராக இருக்கும். பரவளையத்தில் நடுவில் விரிந்து, மேலும் கீழும் ஒடுங்கிப் பீப்பாய் போல வளையும். வெளியே வைத்தால் வளைவு திரும்பும்.

எண்ணாகச் சொல்ல இது உதவாது. ஆனால் மண்டலங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் குறையை இது காட்டிக்கொடுக்கும். கோட்டில் எங்காவது முறிவு தெரிந்தால் அந்த ஆரத்தில் ஒரு வளையம் இருக்கிறது. உள்ளே வைத்துப் பார்க்கும்போது கோடுகளின் நுனி சட்டென்று உட்பக்கம் கொக்கி போல மடங்கினால் விளிம்பு சரிந்திருக்கிறது. நான்கு சாளர அளவும் எல்லைக்குள் வந்து, ரோன்கியில் மட்டும் முறிவு தெரிந்தால் நான் ரோன்கியை நம்புவேன்.

15. பூச்சுக்கு முன் விண்மீன் சோதனை

பூச்சில்லாமலே ஆடியைக் குழாயில் பொருத்தி, ஒளிமிக்க ஒரு விண்மீனை நோக்குங்கள். 4 சதவீத ஒளியே போதும். தொடுவானுக்கு அருகில் உள்ளதைத் தவிர்த்து உயரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைநோக்கி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிய பிறகு, ஒளியியல் அச்சைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். அச்சு சரியில்லாத தொலைநோக்கியில் செய்யும் விண்மீன் சோதனை ஆடியைப் பற்றி எதையும் சொல்லாது.

உருப்பெருக்கம் அதிகமாக வைத்து, குவியத்துக்குச் சற்று உள்ளேயும் அதே அளவு வெளியேயும் நகர்த்தி வளையங்களை ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் வடிவம் நல்லது. உள்ளே வெளிவளையம் கூர்மையாகப் பளிச்சிட்டு, வெளியே ஓரம் மங்கிக் கரைந்தால் திருத்தம் குறைவு. இதற்கு நேர்மாறானால் திருத்தம் மிகை. உள்ளே வளையங்களைச் சுற்றி மயிர் போலச் சிதறிய ஒளி தெரிந்தால் விளிம்பை மறுபடி பாருங்கள்.

வட்டம் நீள்வட்டமாகி, குவியத்தின் மறுபக்கம் போனதும் 90 பாகை திரும்பி நின்றால் வளைவு திசைக்குத் திசை மாறுகிறது. ஆடியை அதன் கூட்டிலேயே கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே சுழன்றால் குறை ஆடியில். அப்படியே நின்றால் கூட்டின் பிடியிலோ துணை ஆடியிலோ கண்ணிலோ இருக்கிறது. கூட்டின் பிடிகளைத் தளர்த்திய உடனே இது மறைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விண்மீன் சோதனையும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு இரவு மறுபடி பாருங்கள். காற்று கலங்கிய இரவில் பார்த்த வளையத்தை வைத்துத் தட்டை எடுக்காதீர்கள்.

16. பூச்சுக்கு அனுப்புதல்

கடைசி அளவுப் பட்டியலை நோட்டில் எழுதி, ஆடியின் பின்புறம் விட்டம், குவியத் தூரம், தேதி மூன்றையும் பொறித்துவிடுங்கள். சாய்வு விளிம்பிலும் பக்கவாட்டிலும் ஒட்டியிருக்கும் பிட்சை டர்ப்பன்டைன் தோய்த்த பஞ்சால் துடைத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, கடைசியாக வாலை வடிநீரில் அலசுங்கள். பூச்சு அறையின் வெற்றிடத்தில் துளி பிட்ச் மிச்சமிருந்தாலும் ஆவியாகிப் பூச்சைக் கெடுக்கும். முகப்பை எதனாலும் துடைக்காமல், செங்குத்தாக நிறுத்தி உலரவிட்டு, காகிதம் முகப்பைத் தொடாதபடி ஓரங்களில் மட்டும் தாங்கும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.